ஸ்ட்ரெய்ட்னர் சூட்டில் முடிக்குள் என்ன நடக்கிறது?

"சூட்டிலிருந்து காக்கும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் எவ்வளவு சூடு வைத்தாலும் முடிக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு கட்சி. "ஸ்ட்ரெய்ட்னரைக் கையில் எடுத்தாலே முடியெல்லாம் கொட்டிவிடும்" என்று எதிர்க்கட்சி. முடி அலங்காரம் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டு குரலும் கேட்காமல் இருக்காது. இரண்டையும் நம்ப வேண்டாம். சூடு முடியைக் கெடுக்கும் என்பது நிஜம்தான். ஆனால் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் முடியில் ஈரம் இருந்ததா என்ற மூன்றும் தெரியாமல் கெடுமா கெடாதா என்று சொல்ல முடியாது. இந்த மூன்றில் ஈரத்தைத்தான் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே இங்கே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வேதியியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எப்போதாவது ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தால் போதும்.

## சட்டையும் முடியும்

கசங்கிய பருத்திச் சட்டையைக் கையால் எவ்வளவு நீவினாலும் சுருக்கம் போவதில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சூடான பெட்டியை வைத்து அழுத்தினால் போய்விடுகிறது. ஆறிய பிறகு மடிப்பு அப்படியே நிற்கிறது. மறுபடி நனைத்தால் மடிப்பும் போச்சு.

முடியை நேராக்குவதும் சுருட்டுவதும் இதே காரியம்தான். பருத்தி நூலுக்குள்ளும் முடிக்குள்ளும் ஒரே வகைப் பிணைப்பு உண்டு. தண்ணீரோ சூடோ பட்டால் அது விட்டுக்கொடுக்கும். காய்ந்து ஆறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால் இஸ்திரி பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்த சில விஷயங்கள் இங்கேயும் கைகொடுக்கும். பட்டுக்கும் பருத்திக்கும் ஒரே சூடு வைக்க மாட்டோம். பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போக மாட்டோம். நுட்பமான துணி என்றால் மேலே ஒரு மெல்லிய துணியை விரித்து அதன்மேல்தான் தேய்ப்போம்.

ஒரே ஒரு இடத்தில் இந்த ஒப்பீடு காலை வாரிவிடும். சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிறோமே, அதை முடிக்குச் செய்யக் கூடாது. ஏன் என்று சொல்வதற்கு முன் முடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

## ஒற்றை முடியை விரலால் நீவிப் பாருங்கள்

சீப்போடு வந்த முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மிகச் சிறிய வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அதுதான் வேர்ப்பக்கம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை நீவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியிலிருந்து வேரை நோக்கி நீவுங்கள். லேசாகப் பிடித்து இழுக்கும். முடி பழையதாகவும் அடிபட்டதாகவும் இருந்தால் இந்த இழுப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

முடியின் மேற்புறம் முழுக்க நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாம் நுனியைப் பார்த்தபடி படிந்திருப்பதுதான் இதற்குக் காரணம். இந்தச் செதில் உறைக்கு க்யூட்டிகிள் என்று பெயர். ஐந்து முதல் பத்து அடுக்கு வரை இருக்கும். அதற்கும் மேலே மிக மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்வதும், முடிக்கு முடி உராயாமல் வழுக்க வைப்பதும் அதன் வேலை. ப்ளீச் செய்தால் முதலில் காணாமல் போவது இதுதான். ப்ளீச் செய்த முடி சீக்கிரம் நனைவதும் சிக்கு விழுவதும் இதனால்தான்.

உறைக்கு உள்ளே இருக்கும் பகுதி கார்டெக்ஸ். முடியின் பருமனில் பெரும்பங்கு இதுவே. வலிமை, நிறம், சுருள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இது கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் அதே புரதம்தான். காய்ந்தது என்று நாம் நினைக்கும் முடிக்குள்ளும் தண்ணீர் உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சாதாரணக் காற்று ஈரப்பதத்தில் முடியின் எடையில் சுமார் 15 சதவீதம் தண்ணீர்தான். முழுக்க நனைந்தால் தன் எடையில் 30 சதவீதம் அளவுக்குக் குடித்துவிட்டு, குறுக்களவில் ஏறத்தாழ 15 சதவீதம் உப்பிவிடும்.

இன்னொன்று. தலைக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் அது வளர்கிறது. அப்படியென்றால் 40 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனிக்கு வயது மூன்று வருடத்துக்கும் மேல். அந்த மூன்று வருடத்துச் சூடு, வெயில், சீப்பு, சாயம் அத்தனையும் அந்த நுனியில் சேர்ந்திருக்கிறது. தோல் வெட்டுப்பட்டால் ஆறிவிடும். முடியில் செதில் உடைந்தால் உடைந்ததுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வெளியே செதில் உறையான க்யூட்டிகிள், உள்ளே கெரட்டின் நிறைந்த கார்டெக்ஸ், அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர். கெட்டதைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் இதில் எதற்கும் இல்லை.

## வடிவம் மாறுவது எப்படி?

கார்டெக்ஸில் உள்ள கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே பார்த்தால் வலுவில்லாதது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டதும் அவிழும், சூட்டிலும் அவிழும். முடி எந்த வடிவத்தில் இருக்கும்போது காய்ந்து ஆறுகிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். இரவு ஈரத் தலையோடு தூங்கி எழுந்தால் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். டிரையர், ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் மூன்றும் வேலை செய்வது இந்தப் பிணைப்பின்மேல். ஈரக்காற்று வீசும் நாளில் நேராக்கிய முடி சில மணி நேரத்தில் பழையபடி சுருண்டுவிடும் அல்லவா? காற்றில் இருக்கும் தண்ணீர் உள்ளே போய் அந்தப் பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. கருவியில் குறை ஒன்றுமில்லை.

இரண்டாவது டைசல்ஃபைடு பிணைப்பு. இது கந்தக அணுக்களுக்கு இடையிலானது, வலுவானது. தண்ணீருக்கெல்லாம் அசையாது. பிறவியில் வந்த சுருள் ஒவ்வொரு முறை குளித்ததும் திரும்பி வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பெர்ம் (முடியை நிரந்தரமாகச் சுருட்டுவது), நிரந்தர ஸ்ட்ரெய்ட்னிங் போன்றவற்றில் ரசாயனம் போட்டு உடைத்து மாற்றிக் கட்டுவது இதைத்தான்.

ஆக, ஒரு நாளைக்கான அலங்காரம் என்றால் ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் அவிழ்ந்து கட்டினால் போதும். அதற்குத் தேவையான சூட்டை வைத்து அதோடு நிறுத்திக்கொண்டால் பெரிய சேதம் இல்லை. பிரச்சினை, அதையும் தாண்டிப் போவதில்தான் இருக்கிறது. சுருட்டை முடியை நேராக்கிவிட்டு, தலைக்குக் குளித்த பிறகும் சில இடங்களில் சுருள் திரும்பவில்லை என்றால், அந்த இடத்தில் சூடு எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். "நல்லவேளை, நிரந்தரமாக நேராகிவிட்டது" என்று சந்தோஷப்பட அதில் ஒன்றும் இல்லை.

## ஈரமான முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால்

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

சட்டையில் தெளித்த தண்ணீர் கொதித்து ஆவியானால், நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத் தாராளமாக வெளியே போய்விடும். முடியில் அந்த வசதி இல்லை. தண்ணீர் கார்டெக்ஸுக்குள் இருக்கிறது. சுற்றிலும் செதில் உறை. 180 டிகிரி செல்சியஸில் இருக்கும் தட்டு அதன்மேல் பட்டதும், உள்ளே இருக்கும் தண்ணீர் நொடியில் நீராவியாகிறது. தண்ணீர் ஆவியானால் இடம் பலமடங்கு வேண்டும். மெதுவாகக் கசிந்து வெளியேற நேரமில்லை. எனவே அது உள்ளிருந்தே தள்ளி, முடிக்குள் சிறு சிறு வெற்றிடங்களை உண்டாக்கிவிடுகிறது. இதை மருத்துவத்தில் குமிழி முடி என்ற பெயரிலேயே விவரித்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இழைக்குள் வரிசையாகக் காற்றுக் குமிழ்கள் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த இடத்தில் முடி விறைப்பாக, சொரசொரப்பாக இருக்கும். கொஞ்சம் இழுத்தாலே குமிழ் இருக்கும் இடத்தில் முறியும்.

இதற்கு 200 டிகிரி தேவை என்பதும் இல்லை. 125 டிகிரியில் இருக்கும் கர்லரை ஈர முடியில் ஒரு நிமிடம் சுற்றி வைத்தாலே குமிழ் வந்ததாகப் பதிவு இருக்கிறது. காற்று வாங்கும் வழி அடைத்துக்கொண்டு அளவுக்கு மீறிச் சூடேறிய டிரையரும் இதைச் செய்யும்.

தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது. கெரட்டின் தன் அமைப்பை இழந்து உருக ஆரம்பிக்கும் வெப்பநிலை, காய்ந்த முடியில் 220 டிகிரிக்கு மேல். தண்ணீரில் ஊறிய முடியை அளந்தால் அது 150 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. அதாவது, ஈரமாக இருக்கும்போது முடிக்குச் சூடு தாங்கும் சக்தியே குறைந்துபோகிறது. ஈர முடிக்குப் 'பாதுகாப்பாக' சூட்டைக் கூட்டி வைத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

தட்டை வைத்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா? அது தண்ணீர் கொதிக்கும் சத்தம். கருவியை எடுத்துவிட்டு, முடியை இன்னும் காய வைக்க வேண்டும். லேசான புகை போல மட்டும் வந்து, சத்தம் இல்லை என்றால் அது பெரும்பாலும் போட்ட சீரமோ ஸ்ப்ரேயோ ஆவியாவது. ஆனால் கருகிய நாற்றத்தோடு வந்தால் அது முடிதான். ஈர முடியிலேயே நேராக்கலாம், நீராவி வெளியேற ஓட்டைகள் இருக்கின்றன என்று விற்கப்படும் ஸ்ட்ரெய்ட்னர்களும் உண்டு. அந்த ஓட்டைகள் தட்டில்தான் இருக்கின்றன, முடியில் இல்லை. நான் வாங்க மாட்டேன்.

## காய்ந்த முடியிலும் சேதம் உண்டு

ஈரம் இல்லை என்பதால் கவலையே இல்லை என்று ஆகிவிடாது. முடி மிக மெல்லியது, 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் பருமன். சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிக்கினால் தட்டின் சூட்டை எட்ட அதற்கு அதிக நேரம் பிடிக்காது. உள்ளே இருக்கும் அந்த 15 சதவீதத் தண்ணீர் வெளியேறுகிறது. செதில்கள் வறண்டு, வெடித்து, விளிம்பு பெயர்கின்றன. சுமார் 130 டிகிரிக்கு மேல் போனால் கெரட்டினில் உள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் சிதைய ஆரம்பிக்கிறது. நரைத்த முடியும் ப்ளீச் செய்த முடியும் சூட்டில் லேசாக மஞ்சள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே புரதம் மாறிக்கொண்டிருக்கிறது. கருமுடியில் அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியேறிய தண்ணீர் பிறகு காற்றிலிருந்து திரும்பிவிடும். பெயர்ந்த செதில் திரும்பாது. "சூடு வைத்தால் முடி வறண்டுவிடும், கண்டிஷனர் போட்டால் சரியாகிவிடும்" என்ற பேச்சில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

சேதம் எல்லாம் சேர்ந்துகொண்டே வருவது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு முறை வைத்த சூடு முடியில் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் வைப்பது அதன்மேல் ஏறும். எப்போதாவது ஒரு விசேஷத்துக்கு 180 டிகிரி வைப்பவரையும் தினமும் காலையில் 150 டிகிரி வைப்பவரையும் ஒப்பிட்டால், தினமும் வைப்பவர் முடியின் நுனி மோசமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சுருக்கமாக, சூடு மூன்று வழியில் கெடுக்கிறது: உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, புரதத்தைச் சிதைத்து, மேலிருக்கும் செதிலைப் பெயர்த்து. முதலாவதை முழுக்கத் தவிர்க்கலாம். மற்ற இரண்டையும் குறைக்க மட்டுமே முடியும்.

## டிரையரை நினைத்து இவ்வளவு பயம் வேண்டாம்

டிரையர் வேறு, ஸ்ட்ரெய்ட்னர் வேறு. ஒன்று சூடான காற்று. மற்றது சூடான தட்டு நேராகத் தொடுவது. காற்று வழியாகச் சூடு மெதுவாகத்தான் ஏறும். முடி ஈரமாக இருக்கும்வரை அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். டிரையரால் கெடுவது பெரும்பாலும் முடி காய்ந்த பிறகும் நிறுத்தாமல் அதே இடத்தில் காட்டிக்கொண்டே இருப்பதால்தான்.

2011-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே சுவாரஸ்யமானது. முடிக்கொத்துகளைத் திரும்பத் திரும்ப அலசி, வெவ்வேறு தூரத்தில் டிரையரைப் பிடித்துக் காய வைத்துப் பார்த்தார்கள். 15 சென்டிமீட்டர் தூரத்தில் சூடு சுமார் 47 டிகிரி. 10 சென்டிமீட்டரில் 61. 5 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் 95. கிட்டப் போகப் போகச் செதிலில் சேதம் கூடியது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. டிரையரே காட்டாமல் தானாகக் காயவிட்ட முடியில் செதில் நன்றாக இருந்தது. ஆனால் செல்களை ஒட்டி வைத்திருக்கும் உள் படலம் கெட்டிருந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடந்ததுதான் அதற்குக் காரணமாக இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காய வைப்பது, தானாகக் காயவிடுவதைவிடக் குறைவாகவே கெடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஒரே ஒரு ஆய்வை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் "இயற்கையாகக் காயவிடுவது எப்போதும் பாதுகாப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் சரியில்லை.

நடைமுறைக்கு: துண்டால் ஒற்றி எடுங்கள், கசக்கித் தேய்க்க வேண்டாம், ஈரத்தில் உப்பிய முடிக்கு உராய்வு ஆகாது. பாதிக்கு மேல் தானாகக் காய்ந்ததும் டிரையர். ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான தூரம், கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும், காற்று வேரிலிருந்து நுனியை நோக்கி அடிக்க வேண்டும். கடைசியில் குளிர்க்காற்றுப் பொத்தானை அழுத்தினால், அவிழ்ந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்த வடிவத்திலேயே ஆறிக் கட்டிக்கொள்ளும். குளிர்க்காற்று செதிலையெல்லாம் 'மூடிவிடும்' என்று பரவலாகச் சொல்வதை நம்ப வேண்டாம். செதில்கள் திறந்து மூடும் கதவுகள் இல்லை.

## ஹீட் புரொடெக்டன்ட் உண்மையில் செய்வது

இஸ்திரி போடும்போது நுட்பமான துணியின்மேல் விரிக்கும் மெல்லிய துணியைச் சொன்னேன் இல்லையா? ஹீட் புரொடெக்டன்ட் ஸ்ப்ரேயும் க்ரீமும் அந்த இடத்தில்தான் வருகின்றன. இவற்றில் பொதுவாக இருப்பது சிலிக்கோன் வகைகள், படலம் உண்டாக்கும் பாலிமர்கள், சிலவற்றில் சிறிதாக்கப்பட்ட புரதம். பாட்டிலின் பின்பக்கம் டைமெதிகோன், அமோடைமெதிகோன் என்று பெயர்கள் பார்த்தால் அவை சிலிக்கோன்.

இவை முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. சிலிக்கோன் சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் தட்டின் சூடு கொஞ்சம் மெதுவாகவும் பரவலாகவும் உள்ளே இறங்குகிறது. தட்டு இழுபடாமல் வழுக்குகிறது, எனவே செதில் பெயர்வது குறைகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறுவதும் சற்றுத் தாமதமாகிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் 'மெதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். படலம் சூட்டைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. மேலே துணி விரித்திருக்கிறோமே என்று இஸ்திரிப் பெட்டியைப் பட்டின்மேல் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும்.

பாட்டிலில் "230 டிகிரி வரை பாதுகாப்பு" என்று எழுதியிருப்பதை, அதுவரை என் முடிக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் படிக்கிறார்கள். காய்ந்த கெரட்டினே அந்த வட்டாரத்தில் உருகத் தொடங்கிவிடுகிறது. எந்தப் படலமும் அதை மாற்றாது. நீங்கள் எப்படியும் வைக்கப்போகும் சூட்டில் சேதத்தை ஓரளவு குறைக்கும் பொருள் இது. சூட்டைக் கூட்டிக்கொள்ள அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொண்டால், போடாமல் குறைந்த சூட்டில் வைத்தவரைவிட மோசமாக முடியும்.

போடும் விதமும் முக்கியம். ஈரம் சற்று வடிந்த முடியில் போட்டு, சீப்பால் வாரிப் பரப்பி, அப்புறம் டிரையர், முழுக்கக் காய்ந்தபின் ஸ்ட்ரெய்ட்னர். காய்ந்த முடியில் ஸ்ப்ரே அடித்தால் அது காயும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் தண்ணீர்தான் அதிகம். அடித்த கையோடு தட்டை வைப்பது, சட்டைக்குத் தண்ணீர் தெளிப்பதை முடிக்குச் செய்வதுதான். பாதுகாப்புக்கு வாங்கிய பொருளை வைத்தே முடியைக் கொதிக்க வைப்பது இப்படித்தான் நடக்கிறது.

சிலிக்கோன் முடியை மூச்சுவிட விடாது என்ற புகாரும் அடிக்கடி கேட்கிறது. முடி மூச்சு விடுவதில்லை. நாளடைவில் படிந்து முடி கனத்துத் தொங்கலாம். நன்றாக நுரைக்கும் ஷாம்பு போட்டு அலசினால் போய்விடும்.

## எண்ணெய் தடவிவிட்டுச் சூடு வைக்கலாமா?

வேண்டாம். எண்ணெய் நல்லதா கெட்டதா என்ற கேள்வி வேறு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கக்கூடியது. தலைக்குக் குளிப்பதற்கு முன் தடவினால், அலசும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி அளவிலேயே புகைய ஆரம்பித்துவிடும். 200 டிகிரித் தட்டில் அது என்ன பாதுகாப்பு தரும்? எண்ணெய் வைக்கும் நாள் வேறு, சூடு வைக்கும் நாள் வேறு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

## எத்தனை டிகிரி வைப்பது?

1870-களில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற முடி அலங்காரக் கலைஞர், நெருப்பில் சூடாக்கிய இடுக்கியால் கூந்தலில் அலை உண்டாக்கிப் புகழ்பெற்றார். அந்தக் காலத்து இடுக்கிகளில் டிகிரி காட்டும் திரையெல்லாம் ஏது? முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் சூடு அதிகம், ஆறவிட வேண்டும். இன்று கையில் இருக்கும் கருவியில் இத்தனை டிகிரி என்றே சூட்டைத் தேர்ந்தெடுக்கலாம். இருந்தும் பலர் போட்டதும் உச்சத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. மெல்லிய முடி, ப்ளீச் செய்தது, நிறமேற்றியது என்றால் 120 முதல் 150 டிகிரிக்குள் முயன்று பாருங்கள். சாதாரண முடிக்கு 150 முதல் 180. தடித்த, நெருக்கமான சுருள் முடிக்குச் சற்று மேலே போக வேண்டியிருக்கலாம். அப்போதும் 200-ஐத் தாண்ட நான் சொல்ல மாட்டேன். கீழிருந்து தொடங்கிப் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றுங்கள். மெல்லக் கொண்டுபோய் ஒரே இழுப்பில் முடி நேராகும் இடம் எதுவோ அதுதான் உங்கள் எண்.

ஒரே இழுப்பு என்பது முக்கியம். சூட்டை ரொம்பக் குறைத்துவிட்டு ஒரே கற்றையில் ஏழெட்டு முறை இழுத்தால், குறைத்ததன் பலன் போய்விடும். ஒவ்வொரு இழுப்பும் சூடு, கூடவே உராய்வு. பல இழுப்பு தேவைப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் சூடு போதாதது இல்லை, கற்றை தடிமனாக எடுப்பதுதான். தட்டின் அகலத்துக்குள் அடங்கும், மறுபக்கம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய கற்றையாகப் பிரித்துச் சிக்கெடுத்து வாரிவிட்டு இழுங்கள். நுனிக்கு வரும்போது நிறுத்திப் பிடிக்க வேண்டாம். அங்கேதான் மூன்று வருடத்துப் பழைய முடி இருக்கிறது.

தட்டு செராமிக்கா டைட்டானியமா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. தட்டு முழுக்கச் சூடு ஒரே சீராக இருக்கிறதா, கீறல் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கிறதா, வெப்பநிலையை எண்ணில் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். எந்தப் பொருளால் செய்திருந்தாலும் 200 டிகிரி 200 டிகிரிதான்.

## கொட்டுகிறதா, முறிகிறதா?

ஸ்ட்ரெய்ட்னரால் முடி கொட்டுகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது முறிவை. முடி முளைப்பது தோலுக்கு அடியில் உள்ள வேரில். தோலைச் சுடாதவரை தட்டின் சூடு அங்கே போய்ச் சேர்வதில்லை. தரையில் கிடக்கும் முடியை எடுத்துப் பாருங்கள். முழு நீளமும், ஒரு முனையில் அந்த வெள்ளைக் குமிழும் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. தலையில் அன்றாடம் கொஞ்சம் அப்படி உதிர்வது இயல்பு, வழக்கத்தைவிட அதிகமானால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது. குட்டையாக, இரு பக்கமும் குமிழ் இல்லாமல் இருந்தால் அது முறிந்தது. சூடு, ப்ளீச், முரட்டுச் சீப்பு இவற்றில் ஏதோ ஒன்று காரணம்.

முறியப்போகும் முடியை முன்கூட்டியே அடையாளம் காணலாம். ஒரு கற்றையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நுனிப்பக்கம் மாவு ஒட்டியது போல மிகச் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். விரலால் தட்டினாலும் போகாது. அங்கே செதில் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் கார்டெக்ஸ் இழைகள் பிரிந்துகொண்டிருக்கின்றன. லேசாக வளைத்தால் அந்தப் புள்ளியிலேயே ஒடியும். ஒரு முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையைவிட இதை நம்பலாம். டம்ளரில் மிதப்பதும் மூழ்குவதும் முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் கண்டிஷனரையும் பொறுத்து மாறிவிடும்.

பிளந்த நுனியை ஒட்ட வைக்கும் என்று விற்கப்படும் சீரம்கள் பிளவைச் சில நாள் ஒட்டிப் பிடித்து வைக்கும். அலசியதும் பழையபடி பிரியும். அதுவரை சிக்கு குறையும், பார்வைக்கும் நன்றாக இருக்கும், அந்த அளவில் பயனுள்ளவைதான். ஆனால் பிளவை விட்டுவைத்தால் அது மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். பிளந்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, கூர்மையான கத்தரிக்கோலால் நேராக வெட்டிவிடுங்கள். மொக்கைக் கத்தரி வேண்டாம். அது முடியை நசுக்கித்தான் வெட்டும், நசுங்கிய இடத்திலிருந்து அடுத்த பிளவு தொடங்கும்.